மருமகள் சொன்ன பெயர்

மேடையின் நடுநாயகமாக வீற்றிருந்து, நான் எப்போது முடிப்பேன் என்று இப்போதே கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்ட விழாத் தலைவர், தலைமை மருத்துவர் பாக்திகுல் அம்மையார் அவர்களே! வெண்தாடி மார்பில் புரள, வெள்ளைக் கம்பளித் தொப்பி வானைத் தொட, முன்வரிசையை அலங்கரிக்கும் பெரியோர்களே! வீட்டில் மாவைப் பிசைந்து மூடிவைத்துவிட்டு, மனத்தைத் திறந்து கொண்டுவந்திருக்கும் தாய்மார்களே! எக்ஸ்ரே கதிரைத் தடுக்கும் ஈயக் கவசம் சுமந்து இடுப்பு ஒடிந்தாலும் இன்முகம் ஒடியாத இதயப் பிரிவின் ஊழியர்களே! நாரின் ஆற்றங்கரையின் நல்லுறவுகளே! பழைய பேருந்து ஓட்டுநன் ஒருவனின் பணிவான வணக்கம்.

இன்று நம் மருத்துவமனையின் இதய அறைக்குப் பிறந்தநாள். இங்கே நின்று பேச வேண்டியவள் என் மகள், டாக்டர் தத்கயிம். சற்றுமுன் ஓர் ஆட்டிடையரை நெஞ்சுவலியோடு கொண்டுவந்தார்கள், ஓடிவிட்டாள். அதனால், எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடமே கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவைத்த என்னை ஏற்றிவிட்டார்கள். நல்ல குதிரை கிடைக்காத நாளில் கழுதைக்குச் சேணம் பூட்டியிருக்கிறார்கள். சிரியுங்கள், சிரியுங்கள்! கழுதைக்கும் கைதட்டல் பிடிக்கும்.

என் மகள் செய்யும் வேலை என்ன? நெஞ்சைக் கிழிக்கிறாளா? இல்லை. எலும்பை அறுக்கிறாளா? இல்லை. மணிக்கட்டில் ஒரு சிறு துளை. அதன் வழியே முடியளவு மெல்லிய கம்பி. கம்பி ரத்தக்குழாயில் ஏறி, வளைந்து, நெளிந்து, இதயத்தின் வாசலுக்கே போய் நிற்கிறது. அடைபட்ட இடத்தில் ஒரு குட்டி பலூன் விரிகிறது, ஸ்டென்ட் என்ற சின்னஞ்சிறு வலைக்குழல் அங்கே ஊன்றி நிற்கிறது, ரத்தம் ஓடுகிறது! படுத்திருப்பவர் விழித்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கிறார்!

"அப்பனும் மகளும் ஒரே தொழில்தான். நான் தோலோன் கணவாயில பனி அடைச்ச பாதையைத் திறந்தேன், என் மக மனுஷன் நெஞ்சுல திறக்குறா" என்று ஒரு விருந்தில் பெருமையடித்தேன். பக்கத்திலேயே நின்றிருந்தாள். "அத்தா, நீங்க எங்க திறந்தீங்க? புல்டோசர் வர்ற வரைக்கும் டீக்கடையில உக்காந்து சீட்டுதானே ஆடுனீங்க?" என்றாள். உண்மைதான் பெரியோர்களே. அன்று என்னோடு சீட்டாடிய இருவர் இதோ முன்வரிசையிலேயே இருக்கிறார்கள். தொப்பியை இறக்கி முகத்தை மறைக்க வேண்டாம், தாஷ்தன்!

அந்த நாட்களை நினைத்தால் இன்றும் நெஞ்சு இனிக்கிறது. இதய அறை புதிதாகத் திறந்த காலம். வார்டில் அசில்பெக் என்ற பெயரில் இருவர். ஒருவருக்கு அடைப்பு, மற்றவருக்கு வெறும் இருமல். மேசையில் மாற்றிப் படுக்கவைத்துவிட்டார்கள். நல்லவேளை, அவரே எழுந்து உட்கார்ந்து, "தாயி, நான் இருமலுக்கு வந்தவன்!" என்று அலறினார். அன்றே என் மகள் ஒரு சட்டம் போட்டாள். ஊசியைக் கையில் எடுக்கும் டாக்டர், படுத்திருப்பவரின் பெயரைத் தன் வாயால் உரக்கச் சொல்ல வேண்டும். நர்ஸ் கைப்பட்டையைப் பார்த்து ஒத்துக்கொள்ள வேண்டும். சொல்லாவிட்டால் ஊசி இல்லை.

நல்ல சட்டம். ஆனால் நம் வீட்டுச் சட்டம் ஒன்று இருக்கிறதே! மருமகள் மாமனாரின் பெயரைச் சொல்லலாமா? தாய்மார்களே, உங்களில் எத்தனை பேர் சொல்லியிருக்கிறீர்கள்? தலைகள் குனிகின்றன. எனக்குத் தெரியும்.

என் சம்பந்தி ஓமுர்ஸாக்கை அறியாதவர் இங்கே உண்டா? மலைபோல் ஆள், மலையைவிடப் பிடிவாதம். ஒரு கல்யாணத்தில் அந்த வீட்டு மருமகள் வாய்தவறி மாமனார் பெயரைச் சொன்னாள் என்று, வெந்த கறியைத் தொடாமல் எழுந்துபோனவர். "டாக்டரா இருந்தா என்ன? என் மருமக வாயில என் பேரு ஒரு நாளும் வந்ததில்லை" என்று ஊரெல்லாம் மார்தட்டுவார். அந்த ஒரு பெருமைக்காகவே, விருந்துகளிலிருந்து அவள் பாதியில் ஓடுவதையெல்லாம் மன்னித்தார்.

ஒரு நூரூஸ் திருநாள், வசந்தப் புத்தாண்டு. அவர் வீட்டில் எல்லோரும் கூடியிருந்தோம். குதிரைக்கறியை ஒரு கை பார்த்துவிட்டு, சம்பந்தி நெஞ்சைத் தேய்த்தார். "கறி கொஞ்சம் கூடிப்போச்சு சம்பந்தி" என்றார். நான் மருத்துவரைப் பெற்றவன் அல்லவா? வைத்தியம் சொன்னேன்: "இன்னொரு கிண்ணம் சூடா சோர்பா, அந்தக் கறிச்சாறு குடிங்க, ஏப்பம் வந்துரும்." சமையலறை வாசலிலிருந்து தத்கயிம் பார்த்தாள். அவர் நெற்றி வியர்வையைப் பார்த்தாள். சாம்பல் பூத்த முகத்தைப் பார்த்தாள். கரண்டி கீழே விழுந்தது. "அத்தா, வண்டிய எடுங்க!" என்று என்னைப் பார்த்துக் கத்தினாள்.

இன்னொரு இதய மருத்துவர் தலைநகர் பிஷ்கெக்குக்குப் போயிருந்தார். கணவாயை மூடியிருந்தது பனி. ஆக, இருப்பது ஒரே ஒரு டாக்டர். அவளோ மருமகள்.

இதய அறையின் கண்ணாடிக்கு இந்தப்பக்கம் நான். ஒலிபெருக்கியில் உள்ளே பேசுவதெல்லாம் கேட்கிறது. சம்பந்தியின் வலக்கை பலகையில் கட்டப்பட்டிருக்கிறது. நர்ஸ் ரஹாத் கேட்டாள்: "அக்கா, பேரு?"

என் மகள் மாமனாரின் கைப்பட்டையைப் பார்த்தாள்.

"எங்க வீட்டு அத்தா" என்றாள்.

"அது பேரு இல்லக்கா. இங்க வர்ற கிழவங்க எல்லாரும் யாரோ ஒருத்தர் வீட்டு அத்தாதான். நீங்க போட்ட சட்டம். பேரச் சொல்லுங்க."

கோழைத்தனமா அது? இல்லை தாய்மார்களே! ஒவ்வொரு நொடியும் இதயத்தின் தசை சாகிறது என்பது அவளைவிட யாருக்குத் தெரியும்? ஆனால் இந்த மனிதர் பிழைக்காமல் போய்விட்டால், கடைசியாக அவர் காதில் விழுவது தன் மருமகள் செய்த அவமரியாதையாக அல்லவா இருக்கும்?

படுத்திருந்தவர் தலையைத் திருப்பினார். மூச்சு வாங்க வாங்கச் சொன்னார்: "என்ன யோசனை? மருமகதான் சொல்லக் கூடாது. மக சொல்லலாம். சொல்லு தாயி."

சொன்னாள்! "மம்பெத் மகன் ஓமுர்ஸாக். இதயக்குழாய் அடைப்பு. வலது மணிக்கட்டு." ஒன்றல்ல, மாமனாரும் அவர் தகப்பனாருமாக இரண்டு பெயர்கள்! நர்ஸ் "சரி" என்றாள். மேசையிலிருந்து பட்டாளத்துக் குரலில் ஒரு பதில் வந்தது: "இருக்கேன்!"

கம்பி போனது. பலூன் விரிந்தது. எக்ஸ்ரே திரையில் செத்த கிளைபோல் கிடந்த குழாயில் கறுப்பு மை பாய்ந்து, நுனிவரை பூத்தது. அப்போது நான் என்ன செய்தேன்? குப்பைத்தொட்டியின் மேல் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். வீரம் எங்கள் வம்சத்தில் பெண்களுக்கு மட்டும்தான்.

பிறகு வார்டில் சம்பந்தி அவளுக்கு ஆசி வழங்க ஆசைப்பட்டார். இரண்டு உள்ளங்கையும் விரிய வேண்டுமே? வலது மணிக்கட்டில் அழுத்தப்பட்டை. "கைய அசைச்சீங்க, கட்டிலோட கட்டிருவேன்" என்று ரஹாத் மிரட்டினாள். "சம்பந்தி, உங்க கையக் கொஞ்சம் குடுங்க" என்றார். அவருடைய இடக்கையும் என்னுடைய வலக்கையும் பக்கம் பக்கமாக விரிந்தன. இரண்டு கிழவர்கள் சேர்ந்து ஒரே ஆசியாக அதை முடித்தோம். என் மகள் தலைகுனிந்து வாங்கிக்கொண்டாள்.

அதன்பின் அவர் பல வசந்தம் கண்டார். வீட்டில் அவள் மறுபடி அந்தப் பெயரைச் சொன்னதே இல்லை. "சம்பந்தி, எங்க அம்மா போனப்புறம் அப்படி யாரும் என்னைக் கூப்பிட்டதே இல்ல. இன்னொரு தடவை கேக்கணும்னா மறுபடி நெஞ்சு வலிக்கணுமா?" என்று என்னிடம் குறைப்பட்டுக்கொள்வார். போன இலையுதிர்காலத்தில், முதுமையில் தளர்ந்து, தூக்கத்திலேயே போனார். எத்தனை விருந்து, எத்தனை வம்பு! இந்தக் கூட்டத்தில் என் கண் இன்னும் அவர் தொப்பியைத் தேடுகிறது.

வெண்தாடிப் பெரியோர்களே! உங்களைக் கடைசியாகப் பெயர் சொல்லி அழைத்தவர் யார்? அத்தா என்கிறார்கள், தாத்தா என்கிறார்கள், சம்பந்தி என்கிறார்கள், பெருசு என்கிறார்கள். பெயர் எங்கே போயிற்று? அந்த அறையில் இருக்கிறது! இடையனானாலும் இயக்குநரானாலும், அங்கே முதலில் தருவது மருந்தல்ல, உங்கள் பெயர்! 'நீ வேறு யாரும் இல்லை, நீதான். உனக்காகத்தான் நான் நிற்கிறேன்' என்று ஒருத்தி உரக்கச் சொன்னபிறகுதான் அங்கே ஊசியே எழுகிறது! அதைக் கேட்க நெஞ்சு வலிக்கும்வரை காத்திருக்க வேண்டுமா? மருமகள்களுக்கு விலக்கு உண்டு. மற்றவர்கள் இன்று வீட்டுக்குப் போய், உங்கள் கிழவர்களை ஒருமுறை பெயர் சொல்லி அழைத்துப் பாருங்கள்!

பொறுமையோடு கேட்ட உங்கள் காதுகளுக்கும், கைதட்டிச் சிவந்த உங்கள் கைகளுக்கும் என் நன்றி. உங்கள் இதயங்கள் நெடுநாள் தடையின்றித் துடிக்கட்டும். எல்லோரும் என்னை டாக்டரின் அத்தா என்கிறீர்கள். அதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனாலும், என் பெயர் ஜுமாகாதிர். வெளியே போகும்போது யாராவது ஒருவர் அப்படிக் கூப்பிடுங்கள். திரும்பிப் பார்ப்பேன். வணக்கம்.