ஒப்பிட ஒரு கன்னம்

முகத்துக்குப் போடும் க்ரீமில் முக்கால்வாசி தண்ணீர்தான். அதற்குத்தான் எல்லோரும் அவ்வளவு விலை கொடுக்கிறோம். நீங்களும் ஏதோ போட்டிருக்கிறீர்கள், இன்ஸ்பெக்டர் மேடம். மூக்கோரம் திட்டுத்திட்டாகத் தெரிகிறது. நல்லதாக ஒன்று நானே செய்து தருகிறேன் என்று சொல்லியிருப்பேன். இப்போது அதைச் சொன்னால் நன்றாக இருக்காது.

நான் செருப்புக் கடையில் பில் போடுகிறவள். அழகுசாதன அறிவியலைத் தபால்வழிக் கல்வி மாதிரி வீட்டிலிருந்தே படிக்கலாம், காலக்கெடு கிடையாது, உங்கள் வேகத்தில் போகலாம் என்றார்கள், சேர்ந்துவிட்டேன். பாடமெல்லாம் வீடியோவில் வரும். சொல்லித்தருகிற அம்மாவின் முகம் தெரியாது, உறை மாட்டிய இரண்டு கைகள் மட்டும்தான் தெரியும். சாப்பாட்டு மேசையில் ஒரு குட்டித் தராசு, நாலு கண்ணாடிக் குவளை, அவ்வளவுதான் என் ஆய்வுக்கூடம். எண்ணெயும் தண்ணீரும் முறைத்துக்கொண்டு தனித்தனியே நிற்கும். நடுவில் ஒரு மெழுகை உருக்கி ஊற்றிக் கலக்கினால் ஒன்றாகிவிடும். முதல் தடவை அது வெள்ளையாகத் திரண்டு வந்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அம்மா அப்பா போனபிறகு வீட்டில் நானும் தங்கையும்தான். அவளைப் பொடிசு என்றுதான் கூப்பிடுவேன். என்னைவிட ஒரு சாண் உயரம், அது வேறு விஷயம். சரியான பயந்தாங்கொள்ளி. அவளுக்காகவே படுக்கையறை விளக்கை அணைக்காமல் தூங்குவோம்.

செய்த க்ரீமைச் சோதித்துப் பார்க்க ஒரு முறை உண்டு. முகத்தில் ஒரு பாதிக்குப் புதுசு, மறுபாதிக்குச் சாதா. ஒப்பிட ஒரு பக்கம் இல்லாவிட்டால் எதையும் நிரூபிக்க முடியாது. பொடிசு உடனே சம்மதித்தாள். “நீ பாஸ் பண்றதுக்குள்ள என் மூஞ்சி தேஞ்சுடும் போ” என்று சிரித்தாள். சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வாள். வலக் கன்னத்துக்கு ஒரு டப்பா, இடக் கன்னத்துக்கு இன்னொன்று. இரண்டுக்கும் ஒரே நிறம், ஒரே வாசனை. அதுவரை அதில் ஒரு தப்பும் இல்லை, மேடம்.

பிறகு அவளுக்கு வேறு ஊரில், பெரிய ஓட்டலில், வரவேற்பு மேசையில் வேலை கிடைத்தது. பெட்டியை எடுத்துவைத்துத் துணி அடுக்கிக்கொண்டே, “அக்கா, நான் போனப்புறமும் நீ லைட்ட எரியவிட்டே தூங்கு, என்ன?” என்றாள். தன் பயத்தை மறைக்கப் பேச்சை என் பக்கம் திருப்புகிறாள் என்று எனக்குத் தெரியாதா? சரி என்றேன். உள்ளங்கை சில்லிட்டுப் போயிருந்தது. தனியாக அவள் என்ன பாடுபடுவாளோ என்ற பயம்தான்.

தோலை உரித்துப் புதுத்தோலைக் கொண்டுவரும் அமிலங்கள் சில உண்டு. அளவாகப் போட்டால் முகம் பளிச்சென்று ஆகும். வலப்பக்க டப்பாவில் நான் கொஞ்சம் தாராளமாகப் போட்டேன். எரிச்சல் வந்தால் உடனே நிறுத்து என்பது கடைசிப் பாடம், அதுவரை நான் போகவில்லை என்று காலையில் உங்களிடம் சொன்னேன் அல்லவா? அது சரியில்லை. நம் வேகத்தில், நம் இஷ்டப்படி படிக்கலாம் என்பதால் அதைத்தான் முதலில் படித்தேன்.

முதலில் வலக் கன்னம் சிவந்தது. பிறகு வெடித்து நீர் கோத்துக்கொண்டது. பொடிசு கண்ணாடிமேல் துண்டைப் போட்டு மூடினாள். வேலைக்குச் சேரும் தேதியைத் தள்ளிவைக்கச் சொல்லி ஓட்டலுக்குப் பேசினாள். சோதனையை நிறுத்திவிட்டேன், இனி இது மருந்து என்று அவளிடம் சொல்லிவிட்டு, அதே இரண்டு டப்பாக்களிலிருந்துதான் தடவினேன்.

“அக்கா, இது பரவுமா? எனக்குப் பயமா இருக்குக்கா. எங்கயும் போயிடாத, பக்கத்துலயே இரு” என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அதைக் கேட்டு என் வயிறு குளிர்ந்தது. மறைக்க என்ன இருக்கிறது?

தோல் டாக்டரிடம் நான்தான் கூட்டிப்போனேன். போகாவிட்டால் அக்கம்பக்கத்தில் ஒரு மாதிரி பேசுவார்கள். அவர் விளக்கைக் கிட்டே கொண்டுவந்து பார்த்தார். “மூக்குக்கு நடுவுல கோடு கிழிச்ச மாதிரி நிக்குதே. எந்த நோயும் இப்படிப் பாதி முகத்தோட நிக்காதும்மா. என்ன தடவுறீங்க?”

“அக்கா செஞ்சு தர்ற மருந்துதான் டாக்டர். அது இல்லன்னா நான் இன்னும் மோசமாயிருப்பேன்” என்றாள் பொடிசு.

டாக்டர் என்னை நிமிர்ந்து பார்த்தார். எல்லாவற்றையும் நிறுத்துங்கள், டப்பாக்களை நாளைக்கே கொண்டுவாருங்கள் என்றார். படியிறங்கும்போது யோசித்தேன். ஒழுங்காகப் படிக்கிற மாணவியாக ஒரு பாதியை விட்டுவைத்தேனே, அந்த ஒழுங்குதான் என்னைக் காட்டிக்கொடுக்கப் பார்த்தது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தால் யார் கோட்டைப் பற்றிக் கேட்கப்போகிறார்கள்?

வீட்டுக்கு வந்ததும், இன்றைக்குக் கடைசியாக ஒரு தடவை என்றேன். அவள் எப்போதும்போல் கண்ணை மூடி முகத்தைக் காட்டினாள். இடப்பக்கத்துக்கும் அதே அமிலம்தான், அவசரமாகக் கலக்கியது, அளவு பார்க்கவில்லை. கெட்டிப்படாமல் இமைமேல் வழிந்துவிட்டது. “எரியுதுக்கா” என்றாள். கொஞ்சம் பொறுத்துக்கோ, கண்ணைத் திறக்காதே என்றேன். நான் சொன்னதால் அவள் திறக்கவில்லை. வெகுநேரம் பொறுத்துக்கொண்டாள்.

இப்போது இரண்டு கண்ணிலும் கட்டுப் போட்டிருப்பதாகச் சொல்கிறார்கள். இடது கண்ணைப் பற்றி இன்னும் உறுதியாகச் சொல்ல முடியாதாம். நான்தான் செய்தேன், எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போட்டுத்தருகிறேன். ஆனால் அவளுக்கு இருட்டென்றால் ஆகாது, மேடம். பக்கத்தில் என்னை விட்டால் நன்றாக இருக்கும். என்னைப் பார்க்க மாட்டேன் என்கிறாளா? சரி, கோபம் இருக்கும், ஆறிவிடும்.

நீங்கள் போகும்போது இந்த அறை விளக்கை மட்டும் அணைத்துவிடாதீர்கள். அவளுக்காகத்தான் சொல்கிறேன்.