ஒன்பது படிகளுக்கு ஒரு கைப்பிடி

மெழுகு போடுவதில் அவசரம் கூடாது, ஐயா. மெல்லிசாகப் பூசி, காயவிட்டு, கம்பளித் துணியால் தேய்க்க வேண்டும். லண்டனில் பெல் தெரு சுரங்க ரயில் நிலையத்தை இருபத்தாறு ஆண்டுகள் அப்படித்தான் பார்த்துக்கொண்டேன்.

அது சட்டப் பாதுகாப்பில் உள்ள பழைய கட்டடம். சுவரிலும் படியிலும் பதித்த கருஞ்சிவப்பு ஓடு ஒன்றைத் தொடக்கூட அனுமதி வேண்டும். டிக்கெட் கூடத்திலிருந்து லிஃப்டுக்கு இறங்கும் ஒன்பது படிகளுக்குக் கைப்பிடி கிடையாது. மழை நாளில் ஆட்கள் வழுக்குகிறார்கள் என்று மூன்று முறை எழுதினேன். கட்டடப் பாதுகாப்பு அதிகாரி பென்ஃபோல்ட் மூன்று முறையும் மறுத்தார். அந்த ஓட்டில் நான்கு துளை போட அவருக்கு மனசு வரவில்லை.

ஒரு நவம்பர் மதியம் என் மனைவி ஹில்டா எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தாள். ஒன்பது படியும் உருண்டாள். அங்கேயே உயிர் போய்விட்டது. அடுத்த நாள் பென்ஃபோல்ட் வந்து குனிந்து படியின் விளிம்பைத் தடவிப் பார்த்தார்.

"நல்லவேளை க்ளெம், ஓடு எதுவும் விரிசல் விடல," என்றார்.

அவரை வெறுத்தேன். ஆனால் கொல்ல நினைத்ததே இல்லை. செத்துப்போனால் அவருக்கு என்ன தெரியப்போகிறது?

பதினோரு ஆண்டு கழித்து நிலையத்துக்கு நூற்றாண்டு விழா வந்தது. படிகளுக்குப் பழைய பளபளப்பைக் கொண்டுவர மெழுகு போடலாமா என்று எழுதிக் கேட்டேன். பூரித்துப்போய்க் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். விழாவில் முதலில் இறங்கப்போவது அவரும் மனைவியும்தான். பென்ஃபோல்ட் மரியாதை தெரிந்த மனிதர். எங்கே போனாலும் மனைவியை முன்னே விட்டுத்தான் பின்னால் வருவார்.

மேல் இரண்டு படிக்கு மட்டும் ஐந்து பூச்சு கொடுத்தேன்.

"நீ முதல்ல இறங்கு, ரோவீனா," என்றார், தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு.

ரோவீனா அம்மையார்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. கிறிஸ்துமஸ் தவறாமல் எனக்குக் கேக் அனுப்புவார்.

அவர் சாவை விபத்து என்று போலீஸ் அறிக்கையில் எழுதி முடித்தீர்கள். உங்கள் மேல் தவறில்லை. இப்போது பித்தளைக் கைப்பிடி வந்துவிட்டது. நான்கு துளைக்கும் பென்ஃபோல்டே அனுமதி எழுதினார். வியாழன்தோறும் வந்து அதைப் பிடித்துக்கொண்டு நிற்பார். நான் தேநீர் போட்டுக் கொடுப்பேன்.

போன வாரம் என் கையைப் பிடித்துக்கொண்டார். "என் வலி உங்க ஒருத்தருக்குத்தான் புரியும், க்ளெம். உங்ககிட்ட உக்காந்துட்டுப் போனா மனசு கொஞ்சம் ஆறுது," என்றார்.

ஆறுகிறதாம். அதனால்தான் இன்று உங்களிடம் வந்தேன். இதை அவருக்கு வரி விடாமல் வாசித்துக் காட்டுங்கள், ஐயா. மெழுகு போட அனுமதித்த தாளையும் கொண்டுவந்திருக்கிறேன். முதலில் அதைக் காட்டுங்கள், கையெழுத்து அவருடையதுதான்.