ஒல்பெர்க் சோடி

தேத்தண்ணிக்கு நன்றி. சீனி கொஞ்சம் கூடிப்போனது, பரவாயில்லை, குடிக்கலாம். எனக்கு இங்கிலிஷ் விளங்காமல் இல்லை. பிறம்ரனில் ஒரு பெரிய கிட்டங்கியையே இங்கிலிஷில்தான் கட்டி மேய்த்தேன். ஆனால் இந்த விசயத்தைத் தமிழில் சொன்னால்தான் எனக்கு ஒழுங்காக வரும். ஜெனோசன் தம்பி, நீர் மொழிபெயர்க்க வந்த பிள்ளை. நான் சொல்வதை ஆற அமரக் கேட்டு இந்தப் பொலிஸ் ஒபிசர் அம்மாவுக்கு அப்படியே சொல்லும். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

என் பெயர் பஸ்ரியன். மில்லிக்கனில் வீடு. மனைவி அன்ரனெற். இவ்வளவும் உங்களுக்குத் தெரியும். தெரியாதது, நான் எவ்வளவு கவனமான மனிதன் என்பதுதான். பிஸ்டல்கள் ஒரு பெட்டகத்தில், ரவைகள் வேறொரு பெட்டகத்தில். ஒரு சாவி என் இடுப்பில், மற்றதை எங்கே வைத்திருக்கிறேன் என்று அன்ரனெற்றுக்கே தெரியாது.

துவக்குக்குப் பயந்து ஓடிவந்த ஆட்கள், உங்களுக்கு ஏன் துவக்கு என்று எங்கள் சனம் கேட்கும். ஊரில் அது எப்போதும் மற்றவன் கையில்தான் இருந்தது. என் கையில் இருந்தால் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசைப்பட்டேன், அவ்வளவுதான். வாங்கியது ஒல்பெர்க் பிஸ்டல்கள் மட்டும்தான். எப்போதோ மூடிப்போன ஒரு சின்னத் தொழிற்சாலை செய்தது. மரப் பிடி. வெறுமையாக விசையை அழுத்தினால், நல்ல நகைப்பெட்டியை மூடுவது போல ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்குத்தான் நாங்கள் அடிமை.

நாங்கள் என்றால் நான், நவரட்ணம், பிக்கரிங்கில் இருந்த மரியோ. மூன்று பேருக்கும் ஒல்பெர்க் பைத்தியம். பிஸ்டலைக் கூட்டாளி வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகச் சட்டம் விடாது. ஆகவே பிஸ்டல்கள் வீட்டில் இருந்தன, நாங்கள்தான் ஞாயிறுகளில் வீடு வீடாகப் போனோம். பேஸ்மென்ற் மேசையில் பச்சைத் துணி விரித்து, ஒவ்வொன்றாக எடுத்துவைத்து, அது எங்கே எப்படிக் கிடைத்தது என்று கதை சொல்லுவோம். கேட்ட கதையையே திரும்பத் திரும்பக் கேட்போம், அலுக்காது. பிறகு மரியோ மகளோடு கல்கரிக்குப் போய்விட்டார். நானும் நவரட்ணமும் மிஞ்சினோம்.

எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. கொடுக்கிறவன் மேல்மூடியைப் பின்னுக்கு இழுத்து, உள்ளே ரவை இல்லை என்று பார்த்து, "கிளியர்" என்று சொல்லிக் கொடுக்க வேண்டும். வாங்குகிறவன் தானும் பார்த்து, சின்ன விரலை உள்ளே விட்டுத் தடவி, தானும் "கிளியர்" என்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் குறி பார்க்கலாம். என் பேஸ்மென்றில் குறி பார்க்க ஓர் இடம் இருந்தது. பின்பக்கக் கொங்கிறீற் சுவரில் தமிழ்க் கடைக் காலண்டர் ஒன்று கொழுவியிருந்தது. அதில் சிவப்பு எழுத்தில் இருக்கும் ஞாயிறைக் குறிவைத்து விசையை அழுத்தி, அந்தச் சத்தத்தைக் கேட்போம். சுவருக்குப் பின்னால் வெறும் மண். அதுவும் கவனம்தான்.

போகப்போக நவரட்ணம் விரல் விடுவதை விட்டார். பிறகு பார்ப்பதையும் விட்டார். நான் ஏசினேன்.

"நவம், உது பழக்கமில்லை. பாரும்."

"நீங்கள் கிளியர் எண்டு சொன்னாப் பிறகு நான் ஏன் அண்ணை பார்ப்பான்? உங்கடை சொல்லு எனக்குக் காணும்" என்று சிரித்தார்.

என்னுடைய வாழ்க்கையில் வேறு ஒருவரும் எனக்கு அப்படிச் சொன்னதில்லை. பெற்ற பிள்ளைகள்கூடச் சொன்னதில்லை. நம்ப நட, நம்பி நடவாதே என்பார்கள். நான் நம்ப நடந்தேன். அதோடு நிற்காமல், அவரை நம்பியும் நடந்தேன். அதுதான் நான் விட்ட பிழை.

இனிச் சோடிக்கு வருகிறேன். ஒல்பெர்க்காரர் எப்போதாவது அடுத்தடுத்த இலக்கத்தில் இரண்டைச் செய்து, ஒரே பெட்டியில் எதிரும் புதிருமாகப் படுக்க வைத்து விற்பார்கள். அப்படி ஒரு சோடி ஏலத்தில் வந்தது. இரண்டு பேரும் ஆளுக்கொன்று எடுத்தோம். பெட்டி என்னிடம். உள்ளே இரண்டு குழி, ஒன்றில் என்னுடையது, மற்றது வெறுங்குழி. சுடும் கிளப்புக்குப் போகிற நாட்களில் மட்டும் அவர் தன்னுடையதைக் கொண்டுவருவார், இரண்டையும் பெட்டியில் சேர்த்து வைத்துப் பார்ப்போம். சேர்ந்து கிடக்க அது ஒரு தனி அழகு. நான் மடுமாதா மேல் சத்தியம் பண்ணினேன், அவர் நல்லூர்க் கந்தன் மேல் பண்ணினார். இந்தச் சோடியைப் பிரிப்பதில்லை, ஒருவருக்கு வேண்டாமென்றால் மற்றவருக்குத்தான்.

பிறகு சட்டம் மாறியது. கைத்துப்பாக்கியை விற்கவும் முடியாது, பேர் மாற்றவும் முடியாது. ஆனால் வைத்திருக்கலாம். சும்மா வைத்திருந்தால் போதும். நவரட்ணம் செய்யவேண்டியிருந்தது அவ்வளவுதான்.

போன மாரியில் ஒரு ஞாயிறு, என் பேஸ்மென்றில், றோல்ஸைச் சோசில் தொட்டுக்கொண்டு சொன்னார்.

"அண்ணை, நான் எல்லாத்தையும் பொலிசிட்டைக் குடுத்திட்டன்."

"எதை?"

"பிஸ்டலுகளைத்தான். மகள் கௌசியின்ரை பிள்ளை இப்ப தவழுது. உது இருக்கிற வீட்டிலை பேத்தியை விடமாட்டன் எண்டு ஜெயமலர் ஒற்றைக்காலிலை நிண்டவ. போன கிழமை வந்து கொண்டு போட்டாங்கள்."

"சோடியையுமோ?"

"ஓம் அண்ணை. உருக்கிப் போடுவினமாம். சொன்னா நீங்கள் விடமாட்டியள், அதுதான் சொல்லேல்லை. எப்பிடியும் உங்கடை பேருக்கு மாத்தேலாதுதானே. எனக்கெண்டா இப்ப மனம் லேசாக் கிடக்கு." பிறகு அடுத்த றோல்ஸை எடுத்தார். "உங்கடையைப் பார்க்க வருவன்தானே. அது காணும்."

சத்தியம் பண்ணின வாய் அதே வாய்தான், சோஸ் வழிய வழியத் தின்றுகொண்டிருந்தது. நான் சத்தம் போடவில்லை. "நல்லது நவம், பிள்ளையள்தானே முக்கியம்" என்று சொன்னேன். அவர் போனபிறகு பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தேன். அன்ரனெற் சாப்பிடக் கூப்பிட்டா. பசிக்கவில்லை என்றேன். எங்கள் அம்மா செத்த செய்தி ஊரிலிருந்து வந்த அன்றுகூட நான் சாப்பிட்டேன்.

ஒரு சொல் சொல்லியிருக்கலாம். அண்ணை, இப்படி ஒரு நிலைமை, என்ன செய்வோம் என்று. கேட்கவில்லை. கழுத்தறுப்பு என்றால் வேறு என்ன?

அவர் சாகவேண்டும் என்று நான் ஒருநாளும் நினைக்கவில்லை. இதைத் தம்பி நன்றாக மொழிபெயர்க்கவேண்டும். செத்தவனுக்கு என்ன தெரியும்? சோடியில் ஒன்று போனால் மிஞ்சினது எப்படிக் கிடக்கும் என்று அவருக்குத் தெரியவேண்டும். அதற்கு அவர் இருக்கவேண்டும். எனக்கு அது நியாயமாகவே பட்டது. இப்போதும் படுகிறது.

நவரட்ணமும் மனைவி ஜெயமலரும் முந்தியைப்போல வந்துபோனார்கள். ஜெயமலர் நல்ல மனுசி. மேலே அன்ரனெற்றோடு நின்று றோல்ஸ் பொரித்து, சூட்டோடு தானே கீழே கொண்டுவருவார். இரண்டு கையிலும் தட்டு இருக்கும், அதனால் படி முடிகிற இடத்திலுள்ள கதவைக் காலால் தட்டுவார். நான் திறந்துவிடுவேன். அது மெல்லிய கதவு, உள்ளே ஒன்றுமில்லாத வெறும் கோறை.

அந்த ஞாயிறு பூசைக்குப் போய்வந்து, ரவைப் பெட்டகத்தைத் திறந்தேன். பிறகு காலண்டரைச் சுவரிலிருந்து கழற்றி அந்தக் கதவில் கொழுவினேன்.

பின்னேரம் நவரட்ணம் கீழே வந்ததும், "எங்கை அண்ணை காலண்டர்?" என்று கேட்டார்.

"சுவருக்குப் பெயின்ற் அடிக்கப்போறன். கதவிலை கிடக்கு."

அந்தச் சுவருக்கு இன்னும் பெயின்ற் அடிக்கவில்லை. நீங்கள் போய்ப் பார்க்கலாம். பெயின்ற் வாங்கக்கூட இல்லை.

வேறு சிலவற்றை முதலில் காட்டினேன். எல்லாம் கிளியர்தான். பிறகு படியைப் பார்த்து, "ஜெயமலர், றோல்ஸ் பொரிச்சாக் கொண்டு வாங்கோ" என்று கூப்பிட்டேன். "வாறன் அண்ணை" என்றார். கதவைச் சாத்திவிட்டு, சோடிப் பெட்டியிலிருந்து என்னுடையதை எடுத்துத் துணியால் துடைத்துக்கொண்டு நின்றேன். கிளப்பில் சுட்டுச் சுட்டு நவரட்ணத்துக்குக் காது மந்தம். எனக்கு நல்லாகக் கேட்கும். செருப்புச் சத்தம் கடைசிப் படிக்கு வந்தபோது பிஸ்டலைக் கொடுத்தேன்.

"கிளியர்" என்றேன்.

மேல்மூடி மூடியே இருந்தது. நான் இழுத்துக் காட்டவில்லை. அவர் பார்த்திருக்கலாம். விரலை விட்டிருக்கலாம். அவ்வளவு நேரம் இருந்தது. அவர் காலண்டரைத்தான் பார்த்தார், ஞாயிறைத்தான் குறிவைத்தார்.

ஜெயமலருக்கு நோவு தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன். கதவைத் திறந்தது நான்தான். றோல்ஸ் எல்லாம் படியில் கிடந்தது. நவரட்ணம், "மலர், மலர்" என்று கூப்பிட்டபடி இருந்தார். பிஸ்டலை அவர் கையிலிருந்து நான்தான் வாங்கி, ரவைகளைக் கழற்றி, ஒழுங்காக மேசையில் வைத்தேன். பிறகு அம்புலன்சுக்குப் போன் அடித்தேன்.

இதை நான் ஏன் இப்போது சொல்கிறேன் என்றுதானே இந்த அம்மா கேட்கிறா. நீங்கள் என்னைப் பிடிக்கவில்லை. நானாகத்தான் வந்தேன்.

செத்தவீட்டில் சனம் வந்து என் முதுகைத் தடவியது. பாவம் பஸ்ரியன் அண்ணை, வயது போட்டுது, ரவை கிடந்ததை மறந்துபோனார் என்று. அதைச் சொல்லித்திரிந்தது நவரட்ணம். உங்களிடமும் அப்படித்தான் சொல்லியிருக்கிறார். சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "அண்ணை, பார்க்காமல் விட்டது நான்தான். நீங்கள் மறந்துபோனியள், அது ஆருக்கும் வாறதுதான். உங்களை நான் கோவிக்கேல்லை" என்றார்.

மறந்துபோனேனாம். நான். அன்றிரவு கண்ணோடு கண் மூடவில்லை. சோடியை உருக்கக் கொடுத்தது காணாதென்று, என் பேரையும் கெடுத்துவிட்டார். ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். பஸ்ரியன் ஒன்றையும் மறக்கவில்லை. ரவை போட்டது நான், காலண்டரை மாற்றியது நான், கிளியர் என்று சொன்னது நான். ஜெயமலர் கதவுக்குப் பின்னால் நிற்பது தெரிந்துதான் கொடுத்தேன்.

கையெழுத்து வைக்கிறேன். மறியல்வீட்டுக்கும் வருகிறேன். ஒன்றே ஒன்று மட்டும், தம்பி, இந்த அம்மாவிடம் கேட்டுச் சொல்லும். வழக்கு முடிந்தபிறகு அந்தப் பிஸ்டலை உருக்கிப்போடாமல் எங்கேயாவது கவனமாக வைத்திருக்கச் சொல்லும். அது ஒரு பாவமும் செய்யவில்லை. சோடியைப் பறிகொடுத்துவிட்டுத் தனியக் கிடக்கிறது. அதை நினைத்தால்தான் எனக்குத் தாங்கமுடியவில்லை.