மலையூர் மாப்பிள்ளை

மட்டக்களப்பு நோக்கிய பேருந்து கிரானைக் கடந்தபோது, முன்னிருக்கைப் பெண்மணிகள் இருவரின் உரையாடலைச் செவிமடுத்தேன்.

"மகன் வேலைக்குப் போனது ருமேனியாவுக்கு. அவன் இரிக்கிற மலையூரில முக்காவாசியும் உக்ரைன் ஆக்களாம்," என்றார் மூத்தவர்.

"சண்டைக்குப் பயந்து ஓடி வந்தாக்களாக்கும்?"

"இல்லகா, எல்லை கிட்ட எண்டாலும் தலைமுறை தலைமுறையா அங்கதானாம். அதில ஒரு புள்ளையக் கட்டப்போறானாம். கட்டினா பொண்ணு வீட்டோடதான் இரிக்கணுமாம்."

இளையவர் வாய்விட்டு நகைத்தார். "அப்ப அவங்களும் மட்டக்களப்பு ஆக்கள்தான்! களுவாஞ்சிக்குடியில கட்டினாலும் உங்கட மகன் மாமியார்ட வீட்டிலதானே இரிப்பான்? நம்மட வழக்கம்தானேகா!"

மூத்தவரும் சிரித்தார்.

"ஓம்கா. களுவாஞ்சிக்குடியெண்டா நினைச்ச நேரம் பஸ் ஏறிப் போய், அவன்ட முகத்தப் பாத்திட்டு, பொழுதுபட முந்தித் திரும்பி வந்திருவன்."