பழைய விகிதம்

சாப்பிட்ட பிறகு எனக்குக் கண்ணைச் சொக்கும் ஐயா. அதனால் முக்கியமான வேலையைக் காலையிலேயே முடித்துவிடுவேன். பதினெட்டு வருஷமாக அப்படித்தான்.

குழாயும் மோட்டாரும் விற்கிற கம்பெனியில் நான் கணக்காளர். ஆர்டர் வந்ததும் சாஃப்ட்வேரில் ஏற்றுவோம். சரக்கு கிளம்பும்போது அதே ஆர்டர் பில்லாக மாறும். அதிலிருக்கும் மதிப்புக்கூட்டு வரியும் அப்படியே பில்லுக்குப் போய்விடும். வரி விகிதத்தைத் திருத்தும் அனுமதி எனக்கு மட்டும்தான்.

அரசாங்கம் வரியை ஏற்றியபோது புதிய ஆர்டர்களுக்கு மாற்றிவிட்டேன். ஏற்கெனவே சாஃப்ட்வேரில் ஏற்றிவைத்திருந்த ஆர்டர்களைத் திருத்த மறந்துபோனேன். நான்கு மாதம் அவை பழைய விகிதத்திலேயே பில்லாகிப் போயின. பிறகு வரி அலுவலகத்திலிருந்து நோட்டீஸ் வந்தது. விட்டுப்போன வரி, அபராதம் எல்லாம் சேர்த்தால் என் வீட்டை விற்றாலும் தேறாது.

எங்கள் முதலாளி, ஒரு பெட்டி குறைந்ததற்கே கிடங்குக்காரரைப் போலீஸில் ஒப்படைத்தவர். போன் அடித்தாலே எனக்கு உடம்பு தூக்கிப்போடும். மனைவி நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "காய்ச்சலா?" என்றாள். ஆமாம் என்றேன்.

பில் போடுகிறவரை எல்லோரும் 'பில்லக்கா' என்போம். அவர் கவனிக்காமல் விட்டுவிட்டார் என்று முதலாளியிடம் சொன்னேன். நம்பிவிட்டார்.

பில்லக்கா அழவில்லை. நேராக என் மேசைக்கு வந்தார்.

"ஆர்டர்ல இருக்கிற வரியை என்னால தொடவே முடியாது சார். உங்களுக்கே தெரியும்ல?"

"பார்க்கலாங்க்கா, பதறாதீங்க."

"வரி ஏறின அன்னைக்கே எழுதிக் குடுத்தேனே, பழைய ஆர்டரையும் திருத்தணும்னு. நீங்க கையெழுத்துப் போட்டீங்க. அந்தத் தாள் கிடங்குல, மேல்தட்டு ஃபைல்ல இருக்கு. எடுத்து முதலாளிகிட்ட காட்டிடறேன்."

எனக்கு அப்படி ஒரு தாள் இருப்பதே நினைவில்லை.

"நானும் வரேங்க்கா. அந்த ஏணி ஆடும்," என்றேன்.

உண்மையாகவே ஆடும் ஐயா. அதில் நான் பொய் சொல்லவில்லை.

ஆட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். கீழே சிமெண்டுத் தரை, பக்கத்தில் இரும்புக் குழாய் அடுக்கு. "நல்லாப் புடிச்சுக்குங்க சார்," என்று சொல்லிவிட்டு ஏறினார். தூசியைத் தட்டித் தட்டி ஃபைல்களைப் புரட்டினார்.

"கெடைச்சிருச்சு சார்!" என்றார். சிரித்தார். அந்தச் சிரிப்பைப் போல என்னை எதுவும் பயமுறுத்தியதில்லை.

நான் கெட்டவனில்லை ஐயா, பயந்தவன். ஏணியை நான் தள்ளவில்லை. பிடித்திருந்த கையை எடுத்தேன், அவ்வளவுதான். அது ஆடியதே தவிர விழவில்லை. அவர் குனிந்து, "சார்... சார்..." என்றார். அதனால் காலால் ஒரு தட்டு தட்ட வேண்டியிருந்தது.

விழுந்த பிறகும் தாளை விடாமல் பிடித்திருந்தார். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தேன். கிழித்திருக்கலாம், ஆனால் ஆவணத்தைக் கிழித்து எனக்குப் பழக்கமில்லை. அதனால்தான் என் மேசையில் அது உங்களுக்குக் கிடைத்தது.

மூச்சு இருந்தது. கண்ணும் திறந்திருந்தது. மூச்சு அடங்க இருபது நிமிஷம் ஆயிற்று. அதற்குப் பிறகுதான் ஆட்களைக் கூப்பிட்டேன்.

அந்த இருபது நிமிஷமும் நான் அவர் பக்கத்தைவிட்டு நகரவில்லை. தனியாக விட மனம் வரவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள் ஐயா.