பீரோச் சாவி

சீசனில் குளித்தவர்களோடு குற்றாலத்திலிருந்து தென்காசிக்குத் திரும்பும் பஸ். முன் சீட்டில் ஈரத் தலையோடு இரண்டு பேர். பல்கலைக்கழகக் கம்ப்யூட்டர் அறையில் வேலை பார்ப்பவர்கள் என்று பேச்சில் தெரிந்தது.

"அருவி சாவியக் கொண்டு போயிட்டுலே" என்றார் மூத்தவர்.

"அரைஞாண் கயித்துல கட்டிக்கிட்டுப் போகாதியன்னு சொன்னேம்லா அண்ணாச்சி! அத்தன பிள்ளைங்க தீசிஸ் பிளாப்பியும் அந்த பீரோவுலல்லா இருக்கு. திங்கக்கிழம வந்து நிப்பாங்களே!"

"பதறாதலே. ஒவ்வொரு பிளாப்பிக்கும் ரெண்டாவது காப்பி எடுத்து வைக்கிறவன் நான். சாவிக்கு எடுக்காமலா இருப்பேன்?"

"அதான பாத்தேன். அது எங்க இருக்கு?"

அண்ணாச்சி துண்டை எடுத்துத் தலையைத் துவட்ட ஆரம்பித்தார். மேலகரம் தாண்டும் வரை துவட்டினார்.

"பத்திரமாத்தான் இருக்கு. பீரோவுக்குள்ள."