திரையில் தொண்ணூற்றாறு

அடுத்த அறையில் அண்ணி, அண்ணனின் மார்பை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டிருந்தார். "தம்பி, ஆம்புலன்ஸைக் கூப்பிடு, சீக்கிரம்" என்று கத்தினார். நான் போனைக் காதில் வைத்தபடியே, கம்ப்யூட்டரில் திறந்திருந்த பக்கத்தை மூடினேன். 'ஜாவா அடிப்படை முடிந்ததா, அடுத்து என்ன?' என்ற பக்கம். அந்த நேரத்தில் அது யார் கண்ணிலாவது பட்டால் நன்றாக இருக்காது, இல்லையா சார்.

எனக்குப் படிப்பில் ஆர்வம் உண்டு. முப்பத்துநாலு வயதில் வீட்டிலிருந்தபடியே ஜாவா என்ற கம்ப்யூட்டர் மொழியைக் கற்றேன். வெளியே போக வழியில்லை. ஆறு வருஷத்துக்கு முன் லாரி மோதி அண்ணனுக்குக் கழுத்துக்குக் கீழே அசைவு போனது. அண்ணி வேலைக்குப் போவார். அண்ணன் என் பொறுப்பு. தொண்டையில் சளி அடைத்தால் அவரால் கூப்பிட முடியாது. ரத்தத்தில் ஆக்ஸிஜன் இறங்கும். குழாய் விட்டு உறிஞ்சி எடுக்கவேண்டும். ஒரு நிமிட வேலை.

அதற்காகத்தான் அந்தப் புரோகிராமை எழுதினேன். அவர் விரலில் ஆக்ஸிஜனை அளக்கும் ஒரு கிளிப், அதிலிருந்து என் கம்ப்யூட்டருக்கு ஒயர். எண் தொண்ணூறுக்குக் கீழே போனால் சைரன் அடிக்கும். ஒயர் கழன்றாலும் அடிக்கும்.

"டேய் ஜாவா, என்னடா இந்தக் கத்து கத்துது? இதைக் கேட்டா நானே எழுந்து ஓடிடுவேன் போல" என்பார் அண்ணன். தங்கமான மனுஷன்.

அடுத்துப் படிப்பது டேட்டாபேஸா, வெப்பா என்று குழம்பி, ஆன்லைனில் பாடம் எடுத்த வாத்தியாரைக் கேட்டேன். "எதுவானாலும் இனிமே வீட்ல உட்கார்ந்து ஆகாதுப்பா. இங்க வந்து ஆறு மாசம் சேரு. திங்கட்கிழமைக்குள்ள சொல்லிடு" என்றார்.

அண்ணன் சிரித்தார். "போயிட்டு வாடா. நான் எங்கேயும் ஓடிட மாட்டேன்."

அண்ணி சிரிக்கவில்லை. "நீ போயிட்டா இவரை யாரு தம்பி பார்க்குறது?"

நான் சளி உறிஞ்சும் குழாயைக் கழுவ எடுத்துப் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை அந்தச் சின்னத் தப்பைச் செய்தேன். ஒயர் சரியாகப் பொருந்தாமல் சும்மா சும்மா சைரன் அடித்தது. ஜாவாவில் 'கேட்ச்' என்று ஓர் இடம் உண்டு. புரோகிராம் தடுக்கி விழுந்தால் என்ன செய்யவேண்டும் என்று அங்கே எழுதுவோம். 'சைரன் அடி' என்று நான் எழுதியிருந்ததை அழித்தேன். வேறெதுவும் எழுதவில்லை. இனி ஒயர் கழன்றால் சத்தம் வராது. கடைசியாக வந்த எண்ணே திரையில் நிற்கும்.

"கேட்ச்சை மட்டும் காலியா விடாதே. நாய் வாயைக் கட்டிட்டுத் தூங்கப் போற மாதிரி" என்று வாத்தியார் முதல் வாரமே சொல்லியிருந்தார். கற்றுக்குட்டிகள் எல்லோரும் செய்கிற தப்புதான்.

அண்ணன் நெஞ்சில் காலையிலிருந்தே கறகறப்பு. பத்து மணிக்கு உறிஞ்சி எடுக்கவேண்டியதை நான் எடுக்கவில்லை. பிறகு அந்த அறையிலிருந்து ஒரு சத்தம் கொஞ்ச நேரம் வந்தது, நின்றது. டேட்டாபேஸ்தான் என்று அப்போது முடிவு செய்தேன்.

அண்ணன் இறந்த பிறகு நீங்கள் விசாரிக்க வந்தபோது ஒயர் மேஜைக்கடியில் தொங்கியது. தானாகக் கழன்றது என்று எழுதிக்கொண்டீர்கள். நான் மறுக்கவில்லை.

ஒன்றுதான் சொல்ல விட்டுப்போனது. துணி காயப்போட மொட்டைமாடிக்குப் போகும் முன் அண்ணி வாசற்படியில் நின்று கேட்டார்: "தம்பி, நம்பர் எவ்வளவு?"

"தொண்ணூத்தாறு அண்ணி. நிம்மதியாப் போயிட்டு வாங்க."

திரையில் அப்படித்தான் இருந்தது. நான் பொய் சொல்லவில்லை. ஒயரின் முனை அப்போது என் உள்ளங்கையில் இருந்தது.